பொரிந்தால் பொரியட்டும்

இதை எனக்கு முதலில் சொன்னது என் மூத்த மகள் எப்சிபா. போன அறுப்பின் பண்டிகைக்கு வந்திருந்தபோது, முருங்கைக்கீரை உருவிக்கொண்டே சொன்னாள். எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன்.

"டீச்சரம்மா, இது பிந்துது" என்றார் அருமைநாயகம்.

அவர் வேதக்கோயிலில் ஆர்மோனியம் வாசிக்கிறவர். வலது கை விரல்களை ஐஸ் கம்பெனி எந்திரம் வாங்கிக்கொண்டது. அதிலிருந்து கோயிலில் பென்டிரைவ்தான் பாடுகிறது. பாடகர் குழுச் செயலாளர் ஞானசிகாமணி தீர்த்துச் சொல்லிவிட்டார்.

"அசனப் பண்டிகை அன்னைக்கு வாசிச்சுக் காட்டும். இல்லன்னா அந்த நாற்காலியை எடுத்துருவோம்."

அதனால்தான் மேலப்பாளையத்துக்கு, கம்ப்யூட்டர் டீச்சர் மெகருன்னிசாவைத் தேடி வந்தார். அவர் மகள் வயதுதான் அவளுக்கு.

இசை உண்டாக்குகிற மென்பொருள் ஒன்றை அவள் வைத்திருந்தாள். யாரும் எடுக்கலாம், யாரும் திறந்து திருத்தலாம். முன்பெல்லாம் பாட்டை அதில் எழுதிக் கொடுத்துவிட்டு, அது செய்து முடிக்கும்வரை காத்திருந்துதான் கேட்க முடியும். தொட்டதும் ஒலிக்கும்படி மெகருன்னிசா அதை வளர்த்திருந்தாள்.

அவருடைய பழைய கால் ஆர்மோனியத்தையும் வயர் போட்டு அதோடு இணைத்தாள். இடது கை சுரம் கொடுக்கும். கால் மிதி மூச்சுக் கொடுக்கும். மிச்சத்தை மென்பொருள் பார்த்துக்கொள்ளும்.

ஒலித்தது. பால் போல ஒலித்தது. ஆனால் விரல் வைத்து, கொஞ்சம் கழித்து.

"ஏன் பிந்துது?"

மெகருன்னிசா அவரையே பார்த்தாள்.

"வாற ஞாயித்துக்கிழமை அசனம். தெரியும்லா?"

"சத்தத்தைச் சேர்த்து வச்சு விடுது, அதான்" என்றாள்.

"கம்ப்யூட்டர் பழசோ?"

"தெரியும் அண்ணாச்சி."

"ஏம்மா, சாப்பிட்டியா நீ? ஒரு மாதிரி பேசுதியே."

"பழசுதான்."

"என்னை வச்சு வெளையாடுதியா?"

"சாப்பிட்டேன்."

அவர் எழுந்துவிட்டார். "இப்படிப் பேசுனா மனுஷன் எப்படிப் பேசுவான் உன்கிட்ட!"

"நான் சொன்னதுல எது தப்பு?"

யோசித்தார். ஒன்றும் தப்பில்லை. எல்லாம் ஒரு கேள்வி பிந்தி வந்தது, அவ்வளவுதான்.

உட்கார்ந்தார்.

"நிறைய சேர்த்து வச்சா சத்தத்துல பிசிறு இருக்காது, பிந்தும்" என்றாள். "குறைச்சா உடனே பேசும். ஆனா நடுவுல கடுகு மாதிரிப் பொரியும்."

"பொரியாம, பிந்தாம?"

"இந்தக் கம்ப்யூட்டர்ல நடக்காது."

"கோயில்ல பொரிஞ்சா சிரிப்பாங்களே."

"சிரிப்பாங்க."

"நீயே ஒரு அளவு வச்சுக் குடுத்துரும்மா."

அவள் கீபோர்டை அவர் பக்கம் தள்ளினாள்.

"நான் தொடலாமா?"

"இது எழுதி வச்சுக் கேக்கதுக்குள்ளது, கூட வாசிக்கதுக்கு இல்ல, தொடாதேன்னு இதைச் செஞ்சவங்க எனக்கும் சொன்னாங்க."

"நீ என்ன சொன்ன?"

"தொட்டேன்."

அவர் தொடவில்லை. பயம். பிந்துகிற அளவோடே எடுத்துக்கொண்டு போனார்.

அசனத்தன்று கோயில் நிறைய ஆட்கள். வெளியே சபைக்கே போடுகிற அசனச் சோறு வெந்து ஆவி பறந்தது. முதல் பாட்டு. ஒரு பிசிறில்லை. ஆனால் சுரம் பின்னால் வர, பாட்டு முன்னால் போக, சனம் தடுமாறி, பாதியில் நின்றே போனது.

ஞானசிகாமணி பென்டிரைவோடு வந்தார்.

"எந்திரியும் ஓய்."

அருமைநாயகம் கர்த்தரை நினைத்துக்கொண்டார். இடது கையால் கம்ப்யூட்டரில் அந்த அளவைக் குறைத்தார். இனிக் குறைக்க இடமில்லை என்கிற மட்டும் குறைத்தார்.

மிதித்தார். பொரிந்தது.

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

"பொரியுதுவே!" என்றார் ஞானசிகாமணி.

"பொரிஞ்சா பொரியட்டும்."

முன்வரிசை வயசாளிப் பெண்கள் எப்போதும்போல அடியின் கடைசியை இழுத்தார்கள். பென்டிரைவ் பாடிய நாளெல்லாம் அது அடுத்த அடிக்குப் போய்விடும். அவர்கள் பாதியில் வாயை மூடிக்கொள்வார்கள்.

அருமைநாயகம் காலை எடுக்கவில்லை. சுரம் நின்றது. பொரிந்துகொண்டே நின்றது. அவர்கள் இழுத்து, முடித்து, மூச்சு வாங்கினார்கள். பிறகுதான் அவர் விரல் அடுத்த அடிக்கு நகர்ந்தது.

இரண்டாம் சரணத்தில் சிரித்தவரும் பாடினார்.

பாட்டு முடிந்ததும் ஞானசிகாமணி குனிந்து, பென்டிரைவைக் காட்டி, காதோரம் சொன்னார்: "என்ன சொன்னாலும் இதுல ஒரு பிசிறு கிடையாது."

"சரி ஓய். அந்த அம்மாமாருக்காக அதைக் கொஞ்சம் நிக்கச் சொல்லும், பாப்போம்."

இன்றைக்கும் அவர்தான் வாசிக்கிறாராம். மிதித்து மிதித்துக் கால் வீங்குகிறதாம். ராத்திரி ஜெபம் பண்ணும்போது, அந்தக் காலுக்கும் ஒரு வார்த்தை சேர்த்துக்கொள்ளுங்கள்.