செவலை இழுத்த பக்கம்

ஒரு ஊர்ல, மனுசங்க அளவுக்கு நாய்ங்களும் இருந்த ஒரு ஊர்ல, குருவம்மான்னு ஒருத்தி இருந்தா. சொந்தமா ஒரு நாய்கூட அவளுக்குக் கிடையாது. ஆனா ஊரு நாயெல்லாம் அவ பின்னாலதான் போகும். வேலைக்குப் போறவங்க அவங்கவங்க வீட்டு நாய அவகிட்ட விட்டுட்டுப் போவாங்க, அவ அதுங்கள ஏரிக்கரை வரைக்கும் நடத்திக் கூட்டிட்டு வருவா. நில்லுன்னா நிக்கும், உக்காருன்னா உக்காரும், வான்னா வரும். புள்ளைங்களா, ஒங்களத்தான் சொல்றேன், அந்த நாய்ங்க ஒங்கள மாதிரி இல்ல.

அந்த ஊரு ராசாகிட்ட செவலைன்னு ஒரு வேட்டை நாய் இருந்துச்சு. அத நடத்துறதுக்குன்னே சூரப்பன்னு ஒருத்தன். ஒரு நாள் ராசா வேட்டைக்குப் போனா, செவலை மூக்குக்கு முன்னால முயல் ஓடுது, அது படுத்துக்கிட்டு கொட்டாவி விடுது. தொப்பை வேற தரையத் தொடுது. ராசாவுக்கு வந்துச்சே கோவம், சூரப்பனக் கூப்பிட்டுக் கேட்டாரு.

அவன் என்ன சொன்னான் தெரியுமா? நான் தினமும் கோட்டையச் சுத்தி மூணு சுத்து நடத்துறேன், கறிய ஊட்டி விடுறேன், எல்லாம் அந்தக் குருவம்மா நாய்ங்ககிட்டருந்து வந்த சீக்குன்னுட்டான். பாவி. ராசாவும் விசாரிக்காம, ஊரு நாயெல்லாம் காட்டுக்கு, குருவம்மா ஊர விட்டு வெளியேன்னு உத்தரவு போட்டுட்டாரு.

காட்டுக்குப் போனா வீட்டு நாய் பொழைக்குமா? குருவம்மா அழுதுக்கிட்டே அரண்மனைக்குப் போயி நின்னா.

"போயிடுறேன் மகாராசா. அதுக்கு முன்னால ஒரே ஒரு காலையில நீங்களே செவலையோட நடங்க. கிரீடத்தப் பாத்தா சனம் வழி மறிக்கும், துண்டக் கட்டிக்கிடுங்க. செவலைக்குப் போடுற கறிப் பொட்டணத்தையும் எடுத்துக்கிடுங்க. நீங்க இழுக்காதீங்க, அது இழுக்கிற பக்கம் போங்க."

சரி, இவ்வளவுதானேன்னு மறுநாள் ராசா தலையில துண்டக் கட்டிக்கிட்டுக் கெளம்பினாரு. செவலை கோட்டைப் பாதையத் திரும்பிக்கூடப் பாக்கல. நேரா வடைக்கடைக்குப் போயி பெஞ்சுக்கடியில படுத்துக்கிச்சு. கடைக்காரம்மா நிமிந்து பாக்காமலே, சூரப்பன் அனுப்புன ஆளா, நாய அங்கயே கட்டிட்டு வந்து வடையத் தின்னுன்னா. ராசா துண்ட இன்னும் கொஞ்சம் கீழ இழுத்து விட்டுக்கிட்டாரு.

அப்புறம் செவலை எந்திரிச்சு புளியமரத்தடிக்குப் போச்சு. அங்க நாலு பேரு தாயம் ஆடிக்கிட்டு இருந்தாங்க. மண்ணுல அது படுத்துப் படுத்தே ஒரு குழி விழுந்திருக்கு, அதுல போயி அளவெடுத்தாப்ல படுத்துச்சு. சூரப்பன் இன்னும் ஆட்டத்துக்கு வரலியான்னு அவங்க கேட்டாங்க.

அப்புறம் அது சூரப்பன் வீட்டு வாசல்ல போயி உக்காந்துச்சு. கதவு பாதி தொறந்துச்சு, சட்டியோட ஒரு கை மட்டும் வெளிய வந்துச்சு. அவன் பொண்டாட்டிதான்.

"செவலையோட கறிய இதுல போட்டுட்டு, அதுக்கு வாசல்ல இருக்குற பழைய சோத்த ஊத்திட்டுப் போப்பா."

ராசா தன் கையாலயே கறியப் போட்டாரு. போட்டுட்டுத் தலைத்துண்ட அவுத்தாரு. எட்டிப் பாத்த அவ சட்டியக் கீழ போட்டுட்டா.

அரண்மனைக்கு வந்ததும், விசாரிக்காம சொன்னது என் தப்புன்னு ராசா உத்தரவ மாத்தினாரு. ஊரு நாய் ஊர்லயே, குருவம்மா அவ வீட்லயே. சூரப்பன் சொன்ன மூணு சுத்து மட்டும் அப்படியே இருக்கட்டும்னாரு. செவலை கழுத்துல ஒரு கயிறு, சூரப்பன் இடுப்புல ஒரு கயிறு, ரெண்டும் குருவம்மா கையில. நில்லுன்னா ரெண்டு பேரும் நிக்கணும், உக்காருன்னா ரெண்டு பேரும் உக்காரணும், வான்னா ரெண்டு பேரும் வரணும். கறி செவலைக்கு, பழைய சோறு சூரப்பனுக்கு.

கொஞ்ச நாள்ல ரெண்டு பேருக்கும் தொப்பை கரைஞ்சு போச்சு. ஆனா வடைக்கடை வந்தா மட்டும் ரெண்டு தலையும் சேந்தாப்ல திரும்பும். குருவம்மா "ம்"னு ஒரு சத்தம் குடுப்பா, ரெண்டு தலையும் நேராயிடும்.

நாம சொல்லிக் குடுத்தாத்தான் நாய் படிக்கும்னு நெனைக்காதீங்க, நாம செய்யறதையும் பாத்துப் படிச்சுக்கும். செவலை எலும்பக் கடிச்சுட்டுத் தூங்கிருச்சு, நீங்களும் கதையக் கடிச்சுட்டுத் தூங்குங்க.