ஒரு ஊரில் ஒரு நரி

சத்தியம், சத்தியம், சத்தியம்! மூன்று தரம் சொல்லிவிட்டேன். இந்தக் கதையில் ஒரு எழுத்து பொய் என்றாலும் என் மீசை இந்த இடத்திலேயே உதிர்ந்து விழட்டும். மற்ற கதைகளில் நான் கொஞ்சம் அங்கே இங்கே கை வைப்பது உண்டு. மான் நாலு முழம் தாண்டியது என்றால் நாற்பது முழம் என்பேன். இதில் வைக்கவில்லை. சந்தேகம் இருந்தால், அன்றைக்கு அங்கேயே இருந்த ஆமை இன்னும் உயிரோடுதான் இருக்கிறது, போய்க் கேளுங்கள். அதற்குக் காது மந்தம் என்பது என் குற்றம் இல்லை.

இன்னொன்று. இதை நான் "ஒரு ஊரில்" என்று ஆரம்பிக்க மாட்டேன். ஏன் என்பது போகப்போகத் தெரியும். இது நடந்த இடத்துக்குப் பேர் உண்டு. ஈச்சம்பள்ளம்.

அந்தக் காலத்தில் விலங்குகளும் பறவைகளும் வாய்விட்டுப் பேசின. பேசியதோடு நிற்காமல் கதையும் சொல்லின. ஆனால் அந்தக் கதைகளில் ஒரு கோளாறு. அவரவர் கதையை அவரவரே சொன்னார்கள். தன்னைப் பற்றித் தானே சொல்லும்போது யார் குறை சொல்லிக்கொள்வார்? ஆகவே எல்லாக் கதையிலும் எல்லோரும் நல்லவர்கள். மயில் சொல்கிற கதை இப்படி இருக்கும்: "ஈச்சம்பள்ளத்தில் ஒரு மயில். ரொம்ப அழகு. காலையில் எழுந்தது. அப்போதும் அழகு." அவ்வளவுதான், முடிந்தது. கரடி கொஞ்சம் நீட்டிச் சொல்லும்: "தேன் எடுத்தேன். எல்லாருக்கும் கொடுத்தேன். மிச்சத்தைச் சாப்பிட்டேன். தூங்கினேன்." கேட்கிறவர்கள் கரடிக்கு முன்னாலேயே தூங்கிவிடுவார்கள். சண்டை கிடையாது, திருட்டு கிடையாது, "ஐயோ, அப்புறம் என்ன ஆச்சு?" கிடையாது. கதை என்பது கண்ணை மூட வைக்கிற ஒரு சாமான், அவ்வளவுதான்.

அங்கே நம்பியான் என்று ஒரு நரி இருந்தார். அவர் என்று மரியாதை கொடுத்துத்தான் சொல்கிறேன், சிரிக்காதீர்கள். பள்ளத்திலேயே அவரைப் போல் நேர்மையானவர் கிடையாது. காகம் வெளியூர் போனால் முட்டைகளை நம்பியான் பொறுப்பில் விட்டுவிட்டுப் போகும். கரடி ஆற்றுக்குக் குளிக்கப் போனால் தேனடையை நம்பியான் குகையில் வைத்துவிட்டுப் போகும். திரும்பி வந்து பார்த்தால் தேனடையில் ஓர் எறும்பு கூட ஏறியிருக்காது, பக்கத்தில் உட்கார்ந்து வாலால் விசிறிக்கொண்டிருப்பார். பொய் என்ற சொல்லைக்கூட அவர் வாயால் சொன்னதில்லை. "அது" என்பார். "அவன் அதுவா சொன்னான்?" என்று கேட்பார். அவ்வளவு கூச்சம்.

ஒருநாள் காலையில் பேச்சி என்கிற மானின் குட்டி, சிலுப்பி, பட்டாம்பூச்சியைத் துரத்திக்கொண்டு ஓடினாள். எதைச் சொன்னாலும் தலையைச் சிலுப்பிவிட்டு ஓடுவாள், அதனால் அந்தப் பேர். சருகுக்குள் விரியன் பாம்பு படுத்திருந்தது. இவள் அதன் வாலை மிதித்தாள். அது முன்னங்காலில் ஒரே போடு.

அலறல் கேட்டு எல்லோரும் ஓடி வந்தார்கள். வைத்தியம் தெரிந்தது ஆமைக்குத்தான். ஆமை காலை முகர்ந்து பார்த்தது.

"கீரியைக் கூப்பிடுங்க! மொட்டைப்பாறைக்கு அந்தப் பக்கம் ஒரு பச்சிலை இருக்கு. போய்ப் பறிச்சுட்டு வரட்டும்."

கீரி கேட்டது, "போய்த் திரும்பப் பொழுது சாய்ஞ்சிடுமே?"

"அப்ப இங்க நின்னு ஏன்டா பேசிக்கிட்டிருக்கே?"

கீரி பறந்தது. ஆமை பேச்சியிடம் திரும்பியது. "இங்க பாரும்மா. கீரி வர்ற வரைக்கும் இவ தூங்கக்கூடாது. கண்ணை மூடினாளோ, விஷம் நெஞ்சுக்கு ஏறிடும். அப்புறம் மலையையே பெயர்த்துக் கொண்டாந்தாலும் பிரயோசனம் இல்லை."

"முழிச்சிருக்காளா இல்லையான்னு எப்படித் தெரியும் வைத்தியரே? இப்பவே கண்ணு சொருகுதே!"

"பேச்சுக் கொடு. பதில் வருதான்னு பாரு."

பேச்சி கூப்பிட்டாள். சிலுப்பிக்கு நாக்கு தடித்துப்போயிருந்தது. வாயைத் திறக்க முடியவில்லை. மூடிய உதட்டுக்குள்ளிருந்து ஒரே ஒரு சத்தம் மட்டும் வந்தது.

"ம்."

"போதும்," என்றது ஆமை. "ஒவ்வொரு பேச்சுக்கும் ஒரு ம் வரணும். ம் நின்னுச்சுன்னா உலுக்கு."

பேச்சிக்குப் பதற்றத்தில் ஒன்றும் ஓடவில்லை. பிள்ளையை மடியில் போட்டதும் அவள் வாய் தன்னாலேயே பாட ஆரம்பித்தது. ஆராரோ, ஆரிரரோ.

"அடி பாவி!" என்று கத்தியது ஆமை. "தாலாட்டா பாடுறே?"

பேச்சி நாக்கைக் கடித்துக்கொண்டாள். அதற்குள் பாதிக் கண் மூடிவிட்டது. உலுக்கி எழுப்பினார்கள். உடனே மயில், "நான் கதை சொல்றேன்" என்று முன்னால் வந்தது.

"ஈச்சம்பள்ளத்தில் ஒரு மயில்."

"ம்."

"ரொம்ப அழகு."

"ம்..."

"தோகையும் அழகு."

ம் வரவில்லை. உலுக்கினார்கள். அடுத்துக் கரடி வந்தது. தேன் எடுத்தேன், கொடுத்தேன் என்று அது இரண்டாவது வாக்கியத்தைத் தாண்டுவதற்குள் சிலுப்பி மட்டுமா, முன்வரிசையில் இருந்த மூன்று முயல்களும் சாய்ந்துவிட்டன. காகம் சொன்னது. அணில் சொன்னது. எல்லாம் நல்லவர்கள் கதை. உச்சி வெயில் வேறு. ஒவ்வொரு தடவை உலுக்கும்போதும் அந்த ம் திரும்பி வர இன்னும் கொஞ்சம் அதிக நேரம் பிடித்தது.

ஆமை தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது. அது அழுததா என்று தெரியாது. உள்ளே எட்டிப் பார்க்க முடியாதே.

அப்போதுதான் பின்னால் நின்றிருந்த நம்பியான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். சிலுப்பிக்கு எதிரே உட்கார்ந்தார். 

"ஈச்சம்பள்ளத்தில்..." என்று ஆரம்பித்தார். நிறுத்திவிட்டார். அவர் சொல்ல வந்தது ஈச்சம்பள்ளத்தில் நடக்காத ஒன்று. நடக்காததை நடந்ததாகச் சொல்ல அவர் நாக்கு வளையவில்லை. எல்லோரும் அவர் வாயையே பார்த்தார்கள். அவர் பேச்சியின் மடியைப் பார்த்தார்.

"ஒரு... ஊரில்," என்றார்.

கரடி கேட்டது, "எந்த ஊர்ல?"

"ஒரு ஊர்ல."

"பேர் இல்லையா அதுக்கு?"

"ஒரு ஊருன்னா ஒரு ஊர். சும்மா கேளேன்!" நம்பியானுக்கு வியர்த்துவிட்டது. பேர் சொல்லாத ஊரில் எது வேண்டுமானாலும் நடந்திருக்கலாம் அல்லவா? அப்படியானால் அது 'அது' ஆகாது. இப்படித் தன் மனசாட்சிக்கு ஒரு சந்து வெட்டிக்கொண்டு அதற்குள் நுழைந்தார். "ஒரு ஊரில் ஒரு நரி இருந்தது."

"ம்."

"அது ஒரு... திருட்டு நரி."

சிலுப்பியின் மூடிய இமை கொஞ்சம் விலகியது.

"ம்?"

கவனித்தீர்களா? இதுவரை வந்தது வேறு ம். இது கேள்வி கேட்கிற ம். உலகத்தில் அந்த ம் பிறந்தது அப்போதுதான்.

"அந்த நரிகிட்ட ஒரு கரடி, தேனடையைக் கொண்டாந்து, 'தம்பி, பத்திரமா பாத்துக்கோ'ன்னு கொடுத்துச்சு. நரி சொல்லிச்சு, 'அண்ணே, ஊரெல்லாம் திருட்டுப் பயம். நீங்க இந்தக் கல்லைத் தேனடை மாதிரி கட்டிப்பிடிச்சுக்கிட்டு உக்காருங்க. திருடன் ஏமாந்து கல்லைத் தூக்கிட்டுப் போகட்டும். தேனை நான் ஒளிச்சு வைக்கிறேன்.' கரடி கேட்டுச்சு, 'எங்க ஒளிப்பே?' நரி சொல்லிச்சு, 'என் வயித்துக்குள்ள. அங்க வந்து யாரு தேடப் போறா?'"

"ம்!"

"கரடியும், 'அருமையான யோசனை தம்பி'ன்னுச்சு."

நிஜக் கரடி துள்ளி எழுந்தது. "ஏய் நம்பியான்! நான் என்ன அவ்வளவு மடையனா? என்னைப் பத்தி..."

"ம்ம்!" என்றாள் சிலுப்பி. இரண்டு கண்ணும் திறந்துவிட்டன. கரடியைப் பார்த்தாள். பாவம் மாமா, இப்படி ஏமாந்துபோனாயே என்கிற பார்வை.

கரடி அப்படியே நின்றது. பிறகு மெல்ல உட்கார்ந்தது. "ஆமாம்மா," என்றது. "ஒரு வாரம் அந்தக் கல்லைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். நல்லவேளை, கல்லு திருடு போகலை."

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது கூட்டம்! மயில் கழுத்தை நீட்டி, "அடுத்து என்னை ஏமாத்துங்க அண்ணே," என்றது. காகம், "நான் அதுக்கு முன்னாடியே வந்தவ, என்னைத்தான்," என்றது. அணில் இரண்டு தரம் ஏமாறுவதாகச் சொன்னது. புதருக்குப் பின்னால் கௌரவமாக நின்று ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்த புலி கூடத் தொண்டையைக் கனைத்து, "நானும்... ஒரு தடவை... ஏமாந்திருக்கேன்," என்று முணுமுணுத்தது. நம்பியான் ஒருவரையும் விடவில்லை. மயிலை அதன் அழகைச் சொல்லியே ஏமாற்றினார். புலியை அதன் பசியைச் சொல்லி ஏமாற்றினார். ஏமாறுகிறவர்கள் எல்லோரும் "ஆமாம், ஆமாம்" என்று சாட்சி சொன்னார்கள்.

வெயில் சாயத் தொடங்கியது. சிலுப்பியின் ம் இப்போது கோபம் கோபமாக வந்தது. அந்த நரி பிடிபட வேண்டும் என்று அவளுக்கு. ஆனால் நம்பியானுக்கு ஒன்று தெரியும். நரி பிடிபட்டால் கதை முடியும். கதை முடிந்தால் கண் மூடும். அதனால் புலியின் கை நரியின் வாலில் படப்போகிற நேரம் பார்த்துக் கால் வழுக்கும். கயிற்றில் மாட்டுகிற நேரம் பார்த்து முடிச்சு அவிழும். ஒவ்வொரு தடவையும் நரி மயிரிழையில் தப்பி, அடுத்த திருட்டுக்குப் போகும். நம்பியானின் தொண்டை கட்டிவிட்டது. தண்ணீர் குடிக்க ஒரு நிமிஷம் நிறுத்தக்கூடப் பயம். காகம்தான் ஆற்றிலிருந்து அலகில் மொண்டுவந்து, வாக்கியத்துக்கும் வாக்கியத்துக்கும் நடுவில் ஊற்றியது.

பொழுது மலைமேல் சிவந்தபோது கீரி வந்து விழுந்தது. வாய் நிறையப் பச்சிலை. ஆமை அதை மென்று கடிவாயில் கட்டியது, மிச்சத்தை நாக்கில் தடவியது. எல்லோரும் காத்திருந்தார்கள். நம்பியான் மட்டும் நிறுத்தாமல், கரகரத்த குரலில், "அந்தத் திருட்டு நரி என்ன பண்ணுச்சுன்னா..." என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

சிலுப்பியின் உதடு அசைந்தது. பேச்சி குனிந்தாள். அம்மா என்று கூப்பிடப் போகிறாள் என்று நினைத்தாள்.

சிலுப்பி தலையைச் சிலுப்பிக்கொண்டு, நேரே நம்பியானைப் பார்த்துக் கத்தினாள்: "திருட்டு நரி! கரடி மாமா தேனைத் திருப்பிக் கொடு!"

பள்ளமே சிரித்தது, அழுதது. நம்பியான் எல்லோரையும்விடப் பலமாகச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொள்ளத் தன் வாலைத்தான் தேடினார்.

பேச்சி பதறினாள். "அடியே, அவரைப் போயா! அவர் உனக்காகத்தான்..."

நம்பியான் கையை உயர்த்தினார். "சொல்லாதே பேச்சியம்மா."

"ஏண்ணே? உங்க பேர் கெட்டுப்போகுமே!"

"நாளைக்கு இன்னொரு பிள்ளை கண்ணு சொருகிக் கிடக்கும். அன்னைக்கு நரி நல்லவன்னு தெரிஞ்சிருந்தா, எந்தப் பிள்ளை கண்ணைத் திறந்து கேட்கும்? இருக்கிற எல்லாரும் எனக்கு வாக்குக் கொடுங்க. இது வெளியே போகக்கூடாது."

கொடுத்தார்கள். பெரியவர்கள் வாயைத் திறக்கவில்லை. சிலுப்பி விடுவாளா? எழுந்து நடந்த மறுநாளே முயல்குட்டிகளிடமும் அணில்பிள்ளைகளிடமும் எல்லாத் திருட்டையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர்கள் வளர்ந்து தங்கள் பிள்ளைகளிடம் சொன்னார்கள். ஆமையையும் நம்பியானையும் தவிர, உண்மை தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச்சேர்ந்தார்கள். காகத்தின் பேத்தி முட்டைகளை வேறு மரத்துக்கு மாற்றினாள். நம்பியானைக் கண்டால் கரடியின் பேரன் தேனடையைப் பின்னால் மறைத்தான். அவருக்கு வலிக்காமலா இருந்திருக்கும்?

ஆனால் ஒருநாள் அவர் தனியாகப் போய்க்கொண்டிருந்தபோது, ஒரு புதருக்குள்ளிருந்து குரல் கேட்டது. காய்ச்சலில் கிடந்த முயல்குட்டிக்கு அதன் அம்மா கதை சொல்லிக்கொண்டிருந்தாள். "ஒரு ஊரில் ஒரு நரி இருந்தது." குட்டி, "ம்," என்றது. "திருட்டு நரி." குட்டி, "ம்?" என்றது. நம்பியான் அந்த இரண்டாவது ம் வரும்வரை காத்திருந்தார். பிறகு, பெரிதாக எதையோ திருடிவிட்டுப் போகிறவர் போல, வாலை நன்றாக நிமிர்த்திக்கொண்டு நடந்தார்.

அன்று முதல்தான் கதை சொல்கிறவர்கள் ஊர் பேர் சொல்லாமல் "ஒரு ஊரில்" என்று தொடங்குகிறார்கள், கேட்கிறவர்கள் ம் கொட்டுகிறார்கள், எந்தக் கதைக்குள் நுழைந்தாலும் நரி திருடனாகவே நுழைகிறது.

இப்போது ஒரு உதவி. நான் பாட்டுக்கு உளறிவிட்டேன். இதைக் குழந்தைகள் காதில் போட்டுவிடாதீர்கள். உங்கள் வீட்டுப் பிள்ளை கேட்டால், நரி பலே திருடன் என்றே சொல்லுங்கள். வேறு யாராவது உங்களை மடக்கி, இதை உனக்குச் சொன்னது யார் என்று கேட்டால், தயவுசெய்து என் பேரை எடுக்காதீர்கள்.

ஒரு ஊரில் ஒரு ஆள் என்று சொல்லுங்கள். போதும்.