பார்வைக்குப் போன பத்துச் சேலை

இளம்பிள்ளையில் சேலைக் கடைகளுக்குக் கணக்கு மென்பொருள் எழுதிக் கொடுப்பவர் தில்ஷாத். அவரிடம் தொழில் கற்க வந்தவர் மாதேஷ். வயதில் மாதேஷ்தான் மூத்தவர். ஆனாலும் தில்ஷாத்தை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

அந்த மாதம் ஒரு புதிய விதி வந்தது. இனிக் கடைக்காரர்கள் வரிக் கணக்கை மென்பொருளிலிருந்தே நேராக அரசு இணையதளத்துக்கு அனுப்ப வேண்டும். இணையதளம் வைக்கும் சோதனையில் தேறாத மென்பொருளைக் கடைகள் பயன்படுத்த முடியாது. சோதனைக்குக் கடைசி நாளும் வந்துவிட்டது. மாலைக்குள் முடித்தாக வேண்டும்.

மதியம் மாதேஷ் வந்து நின்றார்.

“தேறிட்டோம் டீச்சர். பச்சை விழுந்துருச்சு. உறுதி பண்ணிட்டா முடிஞ்சுது.”

“பார்வைச் சரக்கை என்ன பண்ணுனீங்க?”

அது அந்த ஊர் வழக்கம். கல்யாண வீட்டுக்குக் கடையிலிருந்து பத்துச் சேலை போகும். வீட்டுப் பெண்கள் விரித்துப் பார்த்து, மூன்றை எடுத்துக்கொண்டு மீதி ஏழு சேலையைத் திருப்பி அனுப்புவார்கள். அதுவரை எதுவும் விற்பனை இல்லை. தில்ஷாத்தின் மென்பொருளில் இதற்கென்றே ‘பார்வைக்கு’ என்று ஒரு கட்டம் உண்டு.

“இணையதளத்துல அந்தக் கட்டம் இல்லை டீச்சர். விற்பனை, ரிட்டர்ன், ரெண்டுதான். அதனால பத்தும் போறப்பவே வித்ததுன்னு எழுதிரும். ஏழு வந்ததும் ரிட்டர்ன்னு எழுதிரும். கூட்டிக் கழிச்சா மூணுதான் நிக்கும்.”

“சட்டத்துல பார்வைச் சரக்குக்கு இடம் இருக்கா?”

“இருக்கு.”

“அப்ப?”

“சட்டத்துல இருக்கு. திரையில இல்லை.”

அப்போது வளர்மதி படியேறி வந்தார். சேலைக் கடை வைத்திருப்பவர். அன்று காலை அவர் கடையில்தான் மாதேஷ் புதிய பதிப்பை ஓட்டிப் பார்த்திருந்தார்.

“தில்சாத்து, காலையில பார்வைக்கு அனுப்புன பத்துச் சேலையும் திரும்பி வந்துருச்சு. ஒண்ணுகூட எடுக்கலை.”

“ஏன்க்கா?”

“பொண்ணோட அப்பா போனுக்கு உன் மிசினு சேதி அனுப்பியிருக்கு. பத்துச் சேலை வாங்கியதற்கு நன்றின்னு. மனுசன் கடைக்கே வந்து கத்துறாரு. நாங்க இன்னும் பிரிச்சே பார்க்கலை, அதுக்குள்ள எங்க தலையில கட்டிட்டியான்னு. வருசக்கணக்கா எங்கிட்டயே எடுக்கிற வீடு.” அவர் மாதேஷைப் பார்த்தார். “இந்தத் தம்பி வேலைதானே?”

“சேதி போகாம நிறுத்திடறேன்க்கா,” என்றார் மாதேஷ்.

“நிறுத்திட்டா வித்ததுன்னு எழுதுனது அழிஞ்சிருமா?” என்று கேட்டார் தில்ஷாத்.

“அழியாது.”

“இந்த வருசம் எத்தனை வீட்டுக்குப் பொண்ணு பார்க்கப் போனீங்க?”

மாதேஷ் ஓரக்கண்ணால் வளர்மதியைப் பார்த்தார். “அது எதுக்கு இப்ப?”

“சொல்லுங்க.”

“மூணு.”

“மூணுலயும்?”

“வேண்டாம்னுட்டாங்க.”

“அப்ப மூணு கல்யாணம், மூணு விவாகரத்துன்னு எழுதிக்கட்டுமா? கூட்டிக் கழிச்சா ஒண்ணும் நிக்காது.”

வளர்மதி சிரித்துவிட்டார். மாதேஷுக்கும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

“விளையாட்டில்லை டீச்சர். பெரிய கம்பெனிக்காரங்களே இப்படித்தான் தேறியிருக்காங்க. நாம தேறலைன்னா ஒண்ணாம் தேதியிலிருந்து நம்மகிட்ட ஒரு கடையும் இருக்காது. அக்காவே போயிருவாங்க.”

“போய்த்தான் ஆகணும்,” என்றார் வளர்மதி. “கணக்கு அனுப்பாம நான் கடை நடத்த முடியுமா?”

தில்ஷாத் கணினி முன்னால் உட்கார்ந்தார். மாதேஷ் சேர்த்த நிரல் வரிகளை எடுத்துத் தனியே வைத்தார். பார்வைக் கட்டத்தைப் பழைய இடத்தில் வைத்து இணையதளத்துக்கு அனுப்பினார்.

சிவப்பு விழுந்தது. ‘அறியப்படாத கட்டம். ஏற்கப்படவில்லை.’

மறுபடி அனுப்பினார். மறுபடி சிவப்பு.

“அக்கா, அந்தப் பத்துச் சேலை எங்க?”

“கீழ, வண்டியில.”

“வரி ஆபீஸுக்குப் போவோம். அதிகாரி மேசையில பத்தையும் விரிச்சுப் போடுவோம். இதுல எது வித்ததுன்னு அவரே தொட்டுக் காட்டட்டும்.”

“விரட்டிட்டார்னா?” என்று கேட்டார் வளர்மதி.

“மடிச்சு எடுத்துட்டு வருவோம். நாளைக்கும் போவோம்.”

தில்ஷாத் எழுந்தார். மாதேஷ் குறுக்கே வந்தார்.

“டீச்சர், என் பதிப்பை இப்ப உறுதி பண்ணிருவோம். முதல்ல உள்ள போயிருவோம். அப்புறம் சண்டை போட்டுக்கலாம்.”

தில்ஷாத் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார். “மூணாவது வீட்டுக்குப் போறப்ப தரகர் உங்ககிட்ட என்ன சொன்னாரு?”

“சொந்தக் கம்பெனின்னு சொல்லச் சொன்னாரு. முதல்ல கல்யாணம் முடியட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்னாரு.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

மாதேஷ் திரையில் இருந்த சிவப்பைப் பார்த்தார்.

“சம்பளத்துக்கு இருக்கேன்னு சொன்னேன்.”

“அப்ப வாங்க,” என்றார் தில்ஷாத். “அங்க போய்ச் சேலைக் கட்டைத் தூக்குங்க.”