துளசிமணி கேட்ட முப்பது சுற்று

கோவையில் ஒரு கார் பந்தய கேம் சென்டர். அங்கே ஸ்டியரிங்கும் திரையும் துடைக்கிறவள் துளசிமணி. கடை திறக்குமுன் தினமும் ஓட்டிப் பழகியவள், ஆன்லைன் போட்டிக்குப் போகும் அணியில் காலியாக இருந்த ஓர் இடத்தைக் கேட்டாள்.

அணித் தலைவன் தருண் சிரித்தான். பத்துச் சுற்றுப் பந்தயத்தில் அவனை யாரும் ஜெயித்ததில்லை, அந்தத் திமிர்.

“இருக்கிறதிலேயே மெதுவான காரை எடுங்க அக்கா. என்னை ஜெயிச்சா இடம் உங்களுக்கு. தோத்தா இனிமே ஸ்டியரிங்கைத் துடைக்க மட்டும்தான் தொடணும்.”

“சரிங்க தம்பி. ஆனா பத்துச் சுற்று பத்தாதுங்க. முப்பது கொடுங்க.”

“அம்பதே வெச்சுக்கங்க. அவமானம் இன்னும் நீளும்.”

“முப்பது போதுங்க.”

பத்தாவது சுற்றில் தருண் எட்டாத தூரத்தில் இருந்தான். பதினைந்தில் அவனுடைய வேகக் கார் டயரைத் தின்று முடித்து, வளைவுக்கு வளைவு வழுக்கியது. துளசிமணியின் சின்னக் கார் போட்ட டயரிலேயே நிதானமாக நெருங்கியது.

“டேய், டயர் மாத்த எந்த பட்டன்டா?” என்று அலறினான் தருண்.

வேடிக்கை பார்க்கக் கூடியிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பத்துச் சுற்றில் டயர் மாற்றும் தேவையே வராத சாம்பியனுக்குத் தெரியவில்லை!

“இடது பக்கம், கீழே மூணாவதுங்க தம்பி” என்றபடியே துளசிமணி அவனைக் கடந்து போனாள். மாற்றி வந்தும் அவனால் பிடிக்க முடியவில்லை. முப்பதாவது சுற்று முடிந்தபோது கைதட்ட மறந்து எல்லோரும் எழுந்து நின்றார்கள்.

“எனக்கு அந்த பட்டன் தெரியாதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“உங்க ஸ்டியரிங்கை நாந்தானுங்களே தினமும் துடைக்கிறேன். மத்த பட்டன்ல எல்லாம் உங்க விரல் அழுக்கு இருக்கும். அதுல தூசி மட்டும்தானுங்க.”