வாத்துக்காரியின் மூக்குத்தி

முன்னொரு காலத்திலே, வேண்டிக்கொண்டால் மழை பெய்த காலத்திலே, பொன்னாற்றங்கரையில் மருக்கொழுந்து என்று ஒரு வாத்துக்காரி இருந்தாள், கேளுங்கள்!

முட்டைக் கூடையோடு அரண்மனைக்குப் போனால், "பேச்சைப் பாரு, வாத்து கத்துற மாதிரி!" என்று தாதிகள் சிரிப்பார்கள். சந்தையில், "வாயில்லாப் பூச்சி" என்று அடிமாட்டு விலைக்குக் கேட்பார்கள். படகுத்துறையில் கேலி பேசியே விரட்டுவார்கள்.

ஒருநாள் ஆற்றோரம் அழுதுகொண்டிருந்தவளிடம் ஒரு மாயக் கொக்கு வந்தது.

"இந்தா பெண்ணே, மூக்குத்தி! திருகினால் இடத்துக்கேற்ற முகம், இடத்துக்கேற்ற பேச்சு!"

"விலை?"

"அப்புறம் கேட்டுக்கொள்கிறேன்."

அரண்மனை வாசலில் திருகினாள். முகம் மாறியது, நாக்கு மாறியது!

"மகாராணி நலந்தானே?" என்றாள். பாய் விரித்து உட்காரவைத்தார்கள்!

சந்தையில் திருகினாள். முகம் மாறியது, நாக்கு மாறியது!

"யோவ், எடுத்தா எடு! கையிலயே வச்சிருந்தா குஞ்சா பொரிக்கும்?" கூடை காலி!

படகுத்துறையில் திருகினாள். முகம் மாறியது, நாக்கு மாறியது!

"அண்ணே, மீசையாலயே துடுப்புப் போடுவீங்களோ?" துறையே குலுங்கிச் சிரித்தது!

சாயங்காலம் தண்ணீரில் குனிந்து பார்த்தாள். ஐயோ! அந்த மூன்று முகமும் மாறி மாறித் தெரிந்தன. அவள் முகத்தை மட்டும் காணோம். மூக்குத்தியும் கழலவில்லை.

கொக்கு சிரித்தது. "உன் சொந்த முகம்தான் விலை! பொழுது சாய்வதற்குள் உன் வாத்துகள் உன்னை அடையாளம் கண்டு வந்தால் தப்பித்தாய்."

வாத்துகள் நடு ஆற்றில் நீந்தின. "வாத்துகளே, எழுந்தருளுங்கள்!" திரும்பவில்லை. "யோவ், வர்றியா இல்லையா?" சிதறி ஓடின. கேலி பேசிப் பார்த்தாள். ம்ஹூம்!

சூரியன் தண்ணீரைத் தொட்டுவிட்டது. அந்த நேரம் பார்த்து, நொண்டி வாத்து ஒன்றை மதகுச் சுழல் இழுத்தது! மருக்கொழுந்து முகத்தை மறந்தாள், கொக்கை மறந்தாள்.

"தாயே, காப்பாத்து!" என்று ஆற்றில் குதித்தாள். "பா... பா... பா! என் தங்கமே, இங்க வா!"

அது தினமும் வாத்துகளைக் கூப்பிடும் அவள் குரல்! அத்தனை வாத்தும் சடசடவென்று சிறகடித்து வந்து அவளைச் சூழ்ந்தன. நொண்டி வாத்தை வாரி மார்போடு அணைத்தாள். மூக்குத்தி தெறித்து விழுந்தது. கொக்கு நுரையாய்க் கரைந்தது. தண்ணீரில் அவள் முகம், அவளுடைய முகமே, சிரித்தது!

மறுநாள் வெறும் மூக்கோடு போனாள். சந்தையில் அதட்டினாள், துறையில் கேலி பேசினாள், அரண்மனையில் பணிவாய்ப் பேசினாள்.

"மூக்குத்தி எங்கேடி?" என்றாள் தாதி.

"அது எதுக்கு அக்கா? எல்லாப் பேச்சும் இந்த வாய் பேசினதுதானே!"

சொன்ன ஜோரில், முட்டையைக் காட்ட, சபையில் வீற்றிருந்த மகாராணியையே "பா... பா..." என்று கூப்பிட்டுவிட்டாள்!

சபை திகைத்தது. மகாராணியோ சிரித்துக்கொண்டே எழுந்து வந்தாள். கதையும் கரை சேர்ந்தது.