செம்மண்ணில் புரண்ட வெள்ளச்சி

செங்கரட்டு ராஜா விசையரங்கருக்குக் கௌதாரி என்றால் உயிர். கரட்டு மேட்டில் மேயும் சிவப்புக் கௌதாரி தனி இனம், அரச இனம் என்று பட்சி சாஸ்திரி மார்த்தாண்டர் ஒருநாள் கொளுத்திப் போட்டார். ராஜாவுக்குத் தலைகால் புரியவில்லை. உடனே சட்டம் போட்டார்.

"சிவப்பாக இருப்பதெல்லாம் அரண்மனைக் கூண்டில்தான் இருக்க வேண்டும். தினை மட்டுமே தின்ன வேண்டும். வெளியே வைத்திருப்பவன் நாட்டை விட்டே போக வேண்டும்!"

மாட்டிக்கொண்டவன் வேடன் சடையாண்டி. கையில் சிவப்புக் கௌதாரியோடு அவனைச் சபைக்கு இழுத்து வந்தார்கள்.

"சாமி, இது முட்டையிலேருந்து எங்க குடிசையில வளந்த சாதாரணக் கௌதாரிங்க. பேரு வெள்ளச்சி. செவப்புக் குருவிக்கு யாராச்சும் வெள்ளச்சின்னு பேர் வைப்பாங்களா? நாலு புள்ளைங்கள இழுத்துக்கிட்டு நான் எங்க போவேன்?"

"நிறத்தைப் பாருங்கள், செக்கச்செவேல்! என் சாஸ்திரம் பொய் சொல்லாது" என்றார் மார்த்தாண்டர்.

ராஜாவுக்கு வெற்றிலை மடித்துக் கொடுக்கும் சீனிக்கண்ணன் பெட்டியோடு பக்கத்தில் நின்றிருந்தான். அவனும் கௌதாரி வளர்த்தவன்தான். அது மண்ணில் புரண்டு குளிக்கிற பிராணி என்று அவனுக்குத் தெரியும். "இதை அரண்மனைக் கூண்டில் விட்டு வருகிறேன்" என்று வாங்கிக்கொண்டு நேரே மடைப்பள்ளிக்கு ஓடினான். அடுப்புச் சாம்பலைக் குவித்துப் பறவையை விட்டான். அது ஆசை தீரப் புரண்டது, உதறியது, மறுபடி புரண்டது.

சாம்பல் நிறக் கௌதாரியோடு சபைக்குத் திரும்பினான்.

"சாஸ்திரிகளே, மடைப்பள்ளிப் பக்கம் பிடித்தேன். இது எந்த இனம்?"

மார்த்தாண்டர் மூக்கைச் சுளித்தார். "மட்டமான தரிசுக் கௌதாரி. அரச இனத்துக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை!"

"சடையாண்டி, உன் குருவியைக் கூப்பிடு" என்றான் சீனிக்கண்ணன்.

"வெள்ளச்சி!"

அவ்வளவுதான். பறவை தடதடவென்று ஓடிப்போய்ச் சடையாண்டியின் மடியில் ஏறிக்கொண்டது. சபையே வாயைப் பிளந்தது.

"மகாராஜா, கரட்டில் செம்மண், மடைப்பள்ளியில் சாம்பல். குளித்த இடம்தான் வேறு, குருவி ஒன்றுதான்" என்றான் சீனிக்கண்ணன்.

"மோசடி! இறகைப் பிடுங்கிக் காட்டுகிறேன்!" என்று சாஸ்திரி பாய்ந்தார். வெள்ளச்சி தோட்டத்துக்குள் ஓட, அவர் துரத்த, புதிதாகக் கொத்திய செம்மண் பாத்தியில் குப்புற விழுந்து உருண்டார். உச்சி முதல் உள்ளங்கால் வரை செக்கச்செவேல்!

ராஜா கொதித்தார். "சடையாண்டி, நீ குருவியோடு வீட்டுக்குப் போ. இந்த ஆளை நாட்டை விட்டே துரத்துங்கள்!"

"அது நடக்காதே மகாராஜா" என்று சீனிக்கண்ணன் கைகூப்பினான். "தங்கள் சட்டம் இருக்கிறதே. இவரை இப்போது வெளியே விடலாமா?"

ராஜா சாஸ்திரியை ஏற இறங்கப் பார்த்தார். அடக்க முடியாமல் கிரீடம் கழன்று விழச் சிரித்தார்.

"யாரங்கே! பெரிய கூண்டாகக் கொண்டு வா. ஒரு படி தினையும்!"