இடது பக்கம் போகும் ரம்பம்

"டீச்சர், அந்த பேண்ட்சாவை வாங்கலாமா வேண்டாமா?"

கேட்டவர் இசக்கியப்பன். வயது ஐம்பத்தாறு. டீச்சர் பிலோமினாவுக்கு முப்பத்து மூன்று. பாளையங்கோட்டையில் தச்சுவேலை சொல்லித் தருகிறாள். அவர் அவளை டீச்சர் என்பார், அவள் அவரை அண்ணாச்சி என்பாள். வயசைப் பார்த்துக்கொண்டிருந்தால் படிக்க முடியுமா?

டீச்சர் மரத்தில் இழைப்புளியைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

விஷயம் இதுதான். ஒரு பால்வாடிக்கு மர எழுத்துகள் வேண்டும், பிள்ளைகள் விரலால் தடவித் தடவிப் படிப்பதற்கு. அண்ணாச்சி ஒத்துக்கொண்டார். கைரம்பத்தால் ட அறுத்தார், ப அறுத்தார். ஜோராக வந்தது. அப்புறம் ழ. அது அவரை ஒரு வாரம் படுத்தி எடுத்துவிட்டது. தமிழில் வளையாமல் நிற்கிற எழுத்து எத்தனை இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள்.

வளைத்து அறுக்க பேண்ட்சா வேண்டும். மேலே ஒரு சக்கரம், கீழே ஒரு சக்கரம், இரண்டையும் சுற்றி ரிப்பன் மாதிரி ஓடும் ரம்பம். செங்கோட்டையில் ஒரு மரக்கடைக்காரர் பழைய மெஷின் ஒன்றைத் தள்ளிவிடப் பார்க்கிறார்.

வாங்க வேண்டியதுதானே என்பீர்கள். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு மில்லில் வட்ட ரம்பம் அண்ணாச்சியின் ஆள்காட்டி விரலில் பாதியைக் கொண்டுபோய்விட்டது. அதற்கப்புறம் அவர் எந்த மெஷின் பக்கமும் போனதில்லை.

இந்த மர எழுத்து வேலையை விட்டால் அடுத்தது வாட்ச்மேன் வேலை. மச்சினன் சொல்லி வைத்துவிட்டான். ஒன்றாம் தேதி போய் உட்கார வேண்டும். மரத்தை விட்டுவிட்டு ஒரு கேட்டைக் காத்துக் கிடக்க அவருக்குத் துளிகூட மனசில்லை. ஆனால் மெஷினை நினைத்தாலே பயமாகவும் இருந்தது.

"மெஷின் எப்படி?" என்றாள் டீச்சர்.

"நல்லா ஓடுதுன்னு கடைக்காரன் சொல்லுதான்."

டீச்சர் தலைக்கு மேலே பார்த்தாள்.

"இந்த ஃபேனும்தான் நல்லா ஓடுது. ழ அறுக்குமா?"

மறுநாள் அண்ணாச்சி செங்கோட்டைக்குப் போய் மெஷினை நேரில் பார்த்துவிட்டு வந்தார். மரம் வைக்கும் மேஜையில் துரு, சக்கரத்து ரப்பரில் வெடிப்பு, மூடியில் ஒரு திருகாணியைக் காணோம். அத்தனையும் ஒன்று விடாமல் சொன்னார். பெண் பார்க்கப் போன இடத்தில் சம்பந்தம் வேண்டாம் என்று முடிவு செய்தவன் பஜ்ஜியில் உப்பில்லை என்பானே, அந்தக் குரல்.

டீச்சர் பத்து வேப்பங்கட்டைகளை எடுத்தாள். ஒன்றிலிருந்து பத்து வரை எண் போட்டாள். ஒவ்வொன்றிலும் பென்சிலால் நேராக ஒரு கோடு இழுத்தாள்.

"வரிசையா, கோட்டு மேலேயே அறுத்துக் கொண்டாங்க."

"யாரு, நானா?"

"பின்னே, நானா மெஷின் வாங்கப் போறேன்?"

அண்ணாச்சி பையைத் தூக்கிக்கொண்டு போனார். கடைக்காரரையே அறுக்கச் சொல்லிவிடலாம் என்று பஸ்ஸிலேயே கணக்குப் போட்டிருந்தார். கடைக்காரர் மெஷினைப் போட்டுவிட்டார். உடனே அவருக்கு ஒரு போன் வந்தது. பேசிக்கொண்டே தெருவுக்குப் போனவர் திரும்பி வரவே இல்லை.

சாயங்காலம் அண்ணாச்சி பையை டீச்சர் முன்னால் கவிழ்த்தார். அவர் முகத்தில் ஒரு நிம்மதி இருந்தது. ரம்பம் கோட்டில் நிற்கவில்லை, இடது பக்கம் இழுத்துக்கொண்டு போகிறது, இது உதவாத மெஷின், விட்டுவிடலாம் என்று சொல்லி முடித்தார். மச்சினனிடம் சரி என்று சொல்லிவிடப் போவதாகவும் சொன்னார். அதைச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கிவிட்டது.

டீச்சர் கட்டைகளை எண்படி வரிசையாக வைத்தாள். மூன்றிலிருந்து பத்து வரை தனியே நகர்த்தினாள்.

அந்த எட்டுக் கட்டைகளிலும் ரம்பம் இடது பக்கம்தான் போயிருந்தது. எட்டிலும் கடைசியில் கோட்டை விட்டு ஒரு நெல் அகலம். கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"இது மெஷின் போன வழி. தினமும் இப்படித்தான் போகும். அது போற பக்கமா மரத்தைக் கொஞ்சம் திருப்பிக் கொடுத்தா, கோட்டிலயே அறுக்கும்."

பிறகு மிச்சமிருந்த இரண்டையும் கையில் எடுத்தாள். முதல் கட்டையில் வெட்டு வலது பக்கம் போய், இடது பக்கம் திரும்பி, பாதியில் நின்றிருந்தது. இரண்டாவது கட்டையில் பாம்பு போன தடம் மாதிரி ஒரு வெட்டு.

"இது என்ன அண்ணாச்சி?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"கை நடுங்கிட்டு டீச்சர்."

"மூணாவதுல நடுங்கலையே."

அண்ணாச்சி மூன்றாவது கட்டையைப் பார்த்தார். நான்காவதை எடுத்துப் பார்த்தார். பத்து வரைக்கும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார்.

"ரம்பம் எந்தப் பக்கம் போவுதுன்னே பாத்துட்டு இருந்தேன்," என்றார்.

"சரி."

"கையை மறந்தே போயிட்டேன், டீச்சர்."

சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது. துடைத்துக்கொண்டார். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார்.

"மச்சினனுக்கா?" என்றாள் டீச்சர்.

"லோடு ஆட்டோவுக்கு."